தாத்தா வீட்டுச் செங்கல் முகப்பு: கும்பகோணத்தில் ஆறு வாரம்

டொராண்டோவிலிருந்து தை மாதத்தில் ஆறு வார விடுப்பெடுத்து, கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்துக்கு நான் வந்ததே தாத்தா கட்டிய வீட்டின் தெருப்பக்கச் சுவருக்காகத்தான். மேற்பூச்சில்லாமல், சுண்ணாம்புக் காரையில் கட்டிய அந்தச் செங்கல் சுவரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இடுப்புயரத்துக்கு உப்புப் பூக்கும். கை வைத்தால் கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிரும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியிலேயே ஒரு நிறுவனத்திடம் பேசி, கிழக்குச் சுவரை ஆசிட் விட்டுக் கழுவி, மேலே பளபளப்பான கிளியர் கோட் அடிக்கச் சொன்னேன். புகைப்படத்தில் அழகாகத்தான் இருந்தது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை ஆசிட் அரித்துவிட்டது என்பதும், உள்ளே தங்கிய ஈரம் ஒரே மழைக்காலத்தில் கிளியர் கோட்டைக் கல்லோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டது என்பதும் நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இம்முறை தஞ்சாவூரில் ஒரு கடையில் செங்கல் வடிவ கிளாடிங் டைல்ஸ் காட்டினார்கள். சிமெண்டில் கட்டிப் பூசிய புதிய வீட்டுக்கு அது பொருத்தமான வழி. எங்கள் வீட்டுக்கு அது பழைய கல்லை மூடிப் புதைப்பதாகும்.

கோபுரங்களின் மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையுமாக இருப்பதாலும், குடமுழுக்குக்கு முன் அவற்றைச் செப்பனிடும் வழக்கம் தொடர்வதாலும், சுண்ணாம்பு வேலை அறிந்தவர்கள் கும்பகோணம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணியில் வேலை செய்த கொத்தனார் ஒருவரை மாமா அழைத்து வந்தார். அவர் முதலில் பார்த்தது சுவரை அல்ல, வாசலில் சுவரை ஒட்டிப் போட்டிருந்த சிமெண்ட் தளத்தை. "தம்பி, மண்ணுல இருக்கிற ஈரத்துக்கு வெளியேற வழியில்லை, அதான் சுவர்ல ஏறுது. கல்லுக்குக் கல் இடுக்குல யாரோ சிமெண்ட் வச்சு அடைச்சிருக்காங்க, கல்லைவிட அது கெட்டி, அதனால கல்லுதான் தேயுது" என்றார்.

சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குத் தளத்தை உடைத்து ஜல்லி நிரப்பினோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் துடைக்க வேண்டும், தண்ணீர் விட்டால் கரைந்து மீண்டும் கல்லுக்குள் இறங்கிவிடும் என்று சித்தாளுக்கு அவர் இரண்டு முறை எச்சரித்தார். பிறகு இணைப்புகளை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டி, நீர் தெளித்து, ஒரு பங்கு நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் கடுக்காய் ஊறிய நீரில் குழைத்த காரையை, சிறு கரணையால் அழுத்தி அழுத்தி அடைத்தார். காரை கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளடங்கியே நின்றதால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எடுப்பாகத் தெரிந்தது. சுண்ணாம்பு காற்றைக் கொண்டு மெல்ல இறுகுவது என்பதால், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஏழு நாள் வெயில் படாமல் காத்தோம். கொத்தனாருக்கு நாள் கூலி 1,100 ரூபாய். தெருப்பக்கம் மட்டும் பதினொரு நாள் பிடித்தது.

தோல் உரிந்த கிழக்குச் சுவருக்கு இனி சுண்ணாம்புக் காரைப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் வழி என்கிறார். அடுத்த தை மாதத்துக்கு அவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன். சுண்ணாம்பை இப்போதே கொல்லைக் குழியில் நீற்றிப் போட்டிருக்கிறோம்.