ஜிம் சார்ட்டா, ஆப்பா, ஹைதராபாத் அட்டவணையா?

எடைப் பயிற்சி செய்கிறவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 49 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,863 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டினால் தசை வளர்ச்சியில் சராசரியாகப் பெரிய லாபம் இல்லை என்பது அதன் முடிவு. விளையாட்டு ஊட்டச்சத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2017இல் சொன்னதும் 1.4 முதல் 2 கிராம் வரை. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. என் தட்டில் இருக்கும் சோற்றிலும் சாம்பாரிலும் கறியிலும் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை யாரிடம் கேட்பது? ஜிம் மாஸ்டர் கொடுக்கும் டயட் சார்ட், போனில் இருக்கும் கலோரி ஆப், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணை, கட்டணம் வாங்கி ஆலோசனை தரும் டயட்டீஷியன். இந்த நான்கில் அட்டவணையைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன், இப்போதும் அதையே பயன்படுத்துகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரீல்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. சொல்கிறவர் தள்ளுபடி கூப்பன் கொடுத்துப் புரதப் பவுடர் விற்கிறார் என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டியதில்லை, நகர்ந்துவிடலாம்.

மாஸ்டரின் சார்ட்டை அப்படி ஒதுக்க மனம் வராது. நம்மைத் தினமும் பார்க்கிறவர் அவர். ஸ்க்வாட்டில் முதுகு வளைந்தால் ஓடி வந்து திருத்துகிறவர். ‘காலையில் சாப்பிடாமல் வராதே தம்பி’ என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஆய்வுக் கட்டுரைக்கு இல்லாத மதிப்பு உண்டு. ஆனால் கைமாறிக் கைமாறி வாட்ஸ்அப்பில் வரும் அந்தச் சார்ட்டில் ‘அரிசி 100 கிராம், சிக்கன் 200 கிராம், மீல் மேக்கர் 50 கிராம்’ என்று மட்டும்தான் இருக்கும். பச்சையா, சமைத்ததா? அது எங்கேயும் இருக்காது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது இந்த ஒரு கேள்விதான்.

வேகவைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 356 கலோரி. அதே 100 கிராம் வெந்த சோறாக இருந்தால் சுமார் 130. மூன்று மடங்கு வித்தியாசம் இல்லை என்றாலும் அதை நெருங்கிவிடுகிறது. மீல் மேக்கரில் இது இன்னும் மோசம். காய்ந்த உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு 50 கிராம் எடுத்தால் எட்டு, ஒன்பது கிராம்தான் தேறும், மற்றதெல்லாம் தண்ணீர். சிக்கனில் கணக்கு எதிர்ப் பக்கம் திரும்புகிறது. நெஞ்சுக்கறி வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. அதனால் பச்சைக் கறி 100 கிராமில் 22 கிராம் புரதம் என்றால், வெந்த கறி 100 கிராமில் முப்பதை ஒட்டி வரும். ஆக, ஒரே சார்ட்டை ஒருவர் பச்சை எடையாகவும் இன்னொருவர் சமைத்த எடையாகவும் படித்தால் இரண்டு பேரும் இரண்டு வேறு உணவுத் திட்டங்களைப் பின்பற்றுகிறார்கள். இருவருமே தாங்கள் சார்ட்படி சாப்பிடுவதாகத்தான் நம்புவார்கள். எடை ஏறவில்லை, கொழுப்பு இறங்கவில்லை என்று குழம்பி, கடைசியில் உடம்பு வாகு சரியில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழைப்பில் அவர்கள் குறை வைக்கவே இல்லை, தவறு எண்ணில் இருக்கிறது.

கலோரி ஆப்கள் இந்தக் குறையைச் சரிசெய்யும் என்று தோன்றும். பார்கோடு இருக்கும் பொருளுக்கு அவை நன்றாகவே வேலை செய்கின்றன. பால் பாக்கெட், ஓட்ஸ், பிரெட் எல்லாம் சில நொடியில் ஏறிவிடும். தொடர்ந்து எழுதி வைக்கும் பழக்கத்தையும் அவை கற்றுக்கொடுக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பயனர்களே பதிவுகளைச் சேர்க்க விடும் ஆப்பில் ‘சாம்பார், ஒரு கிண்ணம்’ என்று தேடிப் பாருங்கள். ஒன்றில் புரதம் இரண்டு கிராம் என்றும் இன்னொன்றில் எட்டு என்றும் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் இரண்டுமே யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் போக வழி கிடையாது. ஹோட்டலில் சாப்பிடும் நாளில் வேறு வழியில்லாமல் நானும் ஆப் பக்கம் போகிறேன். அன்றைய எண்ணை உத்தேசம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஹைதராபாத் அட்டவணை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருந்தாலும் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இந்திய உணவுகளில் என்ன இருக்கிறது என்று அளந்து எழுதும் வேலையை இவர்கள் பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து மாதிரிகளை வாங்கிவந்து ஆய்வகத்தில் சோதித்த எண்கள் அவை. ஒவ்வொரு எண்ணும் உண்ணத்தக்க பகுதி 100 கிராமுக்கானது. பொருளின் பெயரோடு அதன் நிலையும் சேர்ந்தே இருக்கும். தமிழ்ப் பெயர்களும் கொடுத்திருக்கிறார்கள், அதனால் மீன் வகைகளில் தடுமாற வேண்டியதில்லை.

இதைப் பார்க்கத் தொடங்கியதும் ஜிம்மில் சொல்லிக்கொள்ளும் பல விஷயங்கள் உதிர்ந்துவிடும். கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். புரதத்துக்காகக் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கச் சொல்வார்கள். அட்டவணைப்படி கேழ்வரகில் புரதம் 100 கிராமுக்கு ஏழு கிராம் சொச்சம். வெள்ளை அரிசியில் எட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது புரதத்தில் கேழ்வரகு அரிசியைத் தாண்டவில்லை. அதன் பலம் கால்சியம், 364 மில்லிகிராம், அந்த விஷயத்தில் அரிசி பக்கத்திலேயே வராது. கஞ்சியைக் குடியுங்கள், ஆனால் அன்றைய புரதக் கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சோயா மொச்சையும் அப்படித்தான். 1971இல் வந்த பழைய அட்டவணையில் அதன் புரதம் 43.2 கிராம். பல சார்ட்டுகளில் இன்றும் 43 என்றே இருக்கிறது. புதிய அளவீட்டில் அது 36க்கும் 38க்கும் இடையில்தான் வருகிறது. அளந்தவர்களே திரும்ப அளந்து எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வரக் காரணம்.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் பச்சைப் பொருள்கள்தான் இருக்கும். இட்லி, தோசை, பிரியாணி என்று தேடினால் கிடைக்காது. ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள், 4.184ஆல் வகுத்தால்தான் நமக்குத் தெரிந்த கலோரி வரும். அரிசிக்கு 1,491 என்று பார்த்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது. விளக்கங்கள் ஆங்கிலத்தில், ஆய்வாளர்களுக்கான நடையில் இருக்கும். புரட்டிப் பழக இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும்.

ஆனால் பச்சைப் பொருள் மட்டும்தான் என்ற அந்தக் குறையே வீட்டுச் சமையலுக்கு வசதியாகிவிடுகிறது. வெந்த சாம்பாரை யாராலும் சரியாக அளக்க முடியாது. பருப்பைக் குக்கரில் போடும் முன் அளக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 200 கிராம் துவரம்பருப்பு போட்டால் மொத்தப் புரதம் சுமார் 43 கிராம். நான்காகப் பிரித்தால் ஆளுக்குப் பதினொன்றுகூட வராது. சாம்பார் எவ்வளவு தண்ணீராக இருந்தாலும் கெட்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இட்லி மாவுக்கும் அப்படியே, ஊறவைக்கும் முன் அரிசியையும் உளுந்தையும் எடைபோட்டு, மொத்த மாவில் எத்தனை இட்லி வந்தது என்று வகுத்தால் போதும். கறிக்குழம்பில் மட்டும் எலும்பு தகராறு செய்யும். எலும்போடு வாங்கினால் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய எலும்பை எடைபோட்டுக் கழித்துக்கொள்கிறேன். துல்லியமான கணக்கு இல்லை, ஆனாலும் கண்மதிப்பை விட எவ்வளவோ மேல். இதற்குத் தேவை ஒரு டிஜிட்டல் தராசு. அப்புறம், சமைக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது. எங்கள் வீட்டில் அம்மா இப்போது பருப்பை எடைபோட்டுவிட்டுத்தான் கழுவுகிறார்.

இப்படிப் போட்டுப் பார்த்தால் பவுடர் வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்று முட்டையில் 19 கிராம், பச்சை எடையில் 150 கிராம் நெஞ்சுக்கறியில் 33, சாம்பாரில் 11, நாள் முழுக்க 200 கிராம் அரிசியில் 16, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12. மொத்தம் 107. எழுபது கிலோ ஆளுக்கு வேண்டிய 112க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னொரு முட்டை சேர்த்தால் முடிந்தது. சைவம் என்றால் முட்டைக்கும் கறிக்கும் பதிலாக 100 கிராம் பன்னீரும் காய்ந்த எடையில் 50 கிராம் மீல் மேக்கரும் வைத்தால் 100 வரும். மிச்சம் இருக்கும் பத்துச் சொச்சத்தைக் கொண்டைக்கடலையில் பிடிப்பதா, பவுடரில் பிடிப்பதா என்பதைப் பர்ஸைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பவுடர் என்றதும் ஒரு விஷயம். 2024இல் இதே ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், தசை வளர்க்கப் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொன்னன. பயிற்சி செய்கிறவர்கள் பலர் கோபப்பட்டு, இவர்கள் சொல்வது எதுவும் நமக்கானதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கும் அந்த அறிவுரையில் முழு உடன்பாடு இல்லை. பொதுமக்களுக்கு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், எழுபது கிலோவுக்கு 58 கிராம். பாரம் தூக்குகிறவருக்கு அது போதாது. ஆனால் அந்த ஆவணமே 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்ற ஆய்வு முடிவையும் எடுத்துச் சொல்கிறது. அறிவுரை வேறு, அளவீடு வேறு. அறிவுரை பிடிக்கவில்லை என்பதற்காக ஆய்வகத்தில் அளந்த எண்களைத் தூக்கிப் போடுவது நமக்குத்தான் நஷ்டம்.

கிரியேட்டின், கஃபீன் போன்ற சப்ளிமெண்ட் கேள்விகளுக்கு ஹைதராபாத் அட்டவணையில் பதில் கிடையாது. அதற்கு நான் பார்ப்பது கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டியல். சப்ளிமெண்ட்களை ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டினும் கஃபீனும் ஆதாரம் வலுவாக உள்ள ஏ பிரிவில். டி பிரிவில் இருப்பவை தடை செய்யப்பட்டவை, அல்லது கலப்பட ஆபத்து அதிகமுள்ளவை. பட்டியலைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, சப்ளிமெண்ட் ஆய்வுகளைத் தொகுத்துத் தரும், 2011இல் தொடங்கிய எக்ஸாமின் (Examine) இணையதளம் நல்லது. அவர்கள் சப்ளிமெண்ட் எதையும் விற்பதில்லை. முழுதும் படிக்கச் சந்தா கட்ட வேண்டும், ஆரம்ப நிலையில் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

டயட்டீஷியனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அங்கே என் அனுபவம் குறைவு என்பதுதான். எனக்கு நோய் எதுவும் இல்லாததால் தொடர்ந்து யாரிடமும் போனதில்லை. ஆனால் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தைராய்டு என்று ஏதாவது இருந்தால் மேலே நான் எழுதிய எதையும் வைத்து நீங்களாகத் திட்டம் போட வேண்டாம். தேடும்போது இந்திய டயட்டீடிக் சங்கத்தின் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சில வாரப் படிப்புச் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல. நீங்கள் கிரியேட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், அதன் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், தெரியாவிட்டால் அவரும் பதறுவார், நீங்களும் பதறுவீர்கள். மாரத்தான் ஓடுகிறவர்களின் தேவையும் வேறு. அவர்களுக்குப் புரதத்தை விட மாவுச்சத்துக் கணக்குதான் பெரிது, அந்தப் பக்கம் நான் பயிற்சி செய்ததில்லை.

மாஸ்டரின் சார்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ‘பச்சை’ அல்லது ‘சமைத்தது’ என்று எழுதித் தரச் சொல்லி அவரிடமே கேளுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுத்தால் அந்தச் சார்ட்டை நம்பி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பயன்படுத்தலாம். எழுதத் தெரியவில்லை என்றால் பயிற்சியை அவரிடமே தொடருங்கள், எண்களை மட்டும் ஹைதராபாத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.