கலிபோர்னியா பள்ளி டேஷ்போர்டு: வண்ணத்தைத் தாண்டிப் படித்தால் பயனுள்ள சேவை

குழந்தையைக் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டிய ஆண்டில் வீடு தேடியபோது, ஒவ்வொரு தெருவிலும் நாங்கள் முதலில் விசாரித்தது, அந்த முகவரி எந்தத் தொடக்கப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதைத்தான். பள்ளியின் பெயர் தெரிந்தவுடன் அடுத்து நான் திறந்தது, கலிபோர்னியா மாநிலக் கல்வித் துறை நடத்தும், அரசுப் பள்ளிகளின் நிலையை வண்ணங்களில் காட்டும் பள்ளி டேஷ்போர்டு என்னும் இணையச் சேவை. அதன் பிறகும் பல ஆண்டுகளாக, ஒவ்வொரு முறை புதிய முடிவுகள் வெளிவரும்போதும், அதை வரி வரியாகப் படித்து வருகிறேன். கட்டணமோ பதிவோ தேவையில்லாத இந்தச் சேவையைப் பெற்றோர் பலரும் வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்பதால், ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தேர்வு முடிவுகளை அறிய இது எந்த அளவுக்கு உதவுகிறது என்று விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு முன் இருந்த ஏற்பாட்டை நினைவில் கொண்டால்தான் டேஷ்போர்டின் அருமை புரியும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாநிலத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் 200 முதல் 1000 வரை ஏ.பி.ஐ. (கல்விச் செயல்திறன் குறியீடு) என்ற ஒரே எண் தரப்பட்டது. 800 என்பது எட்ட வேண்டிய இலக்கு. நெடுங்காலமாக இங்கே வாழும் நம்மவர்கள் சிலர் இன்றும் “எண்ணூறுக்கு மேல் உள்ள பள்ளி” என்று பேசுவது அந்த நாள்களின் மிச்சம். அந்த எண் 2013-ஆம் ஆண்டு முடிவுகளோடு நின்றுபோக, 2017-இல் டேஷ்போர்டு வந்தது. ஆங்கிலம், கணிதம், ஆங்கிலம் கற்போரின் (வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தை இன்னும் கற்றுவரும் குழந்தைகளின்) முன்னேற்றம், நெடுநாள் வராமை, இடைநீக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் முள்ளும் வண்ணமும் கொண்ட தனித்தனி மானியைக் காட்டுவதால், ஒரு பள்ளி கணிதத்தில் வலுவாகவும் ஆங்கிலத்தில் தளர்வாகவும் இருப்பதை மறைக்க முடியாமல் போயிற்று. இதுவே பெரிய முன்னேற்றம்.

இனி, மானியில் தெரியும் வண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு எனப்படும் கணினித் தேர்வை மாநிலம் முழுவதும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் எழுதுகின்றன. குழந்தை தரும் விடைக்கேற்ப அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ மாறும் பகுதி ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பற்றிப் படித்து, ஆராய்ந்து, எழுதிக்காட்டும் பகுதி இன்னொன்று. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தர அளவு வகுக்கப்பட்டிருக்கிறது: ஆங்கிலத்தில் 3-ஆம் வகுப்புக்கு 2432, 4-ஆம் வகுப்புக்கு 2473, 5-ஆம் வகுப்புக்கு 2502, கணிதத்தில் முறையே 2436, 2485, 2528. ஒரு குழந்தை அந்த அளவைவிட எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறது என்று கணக்கிட்டு, எல்லாக் குழந்தைகளின் வேறுபாடுகளையும் சராசரி எடுப்பதே டேஷ்போர்டின் அடிப்படைக் கணக்கு. 3-ஆம் வகுப்புக் குழந்தை ஒன்று கணிதத்தில் 2466 எடுத்தால் தரத்திற்கு மேல் 30 புள்ளி. 5-ஆம் வகுப்புக் குழந்தை ஒன்று 2508 எடுத்தால் தரத்திற்குக் கீழ் 20 புள்ளி. இருவரின் சராசரி 5 புள்ளி மேலே.

இந்த முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். “தேர்ச்சி பெற்றோர் இத்தனை விழுக்காடு” என்று மட்டும் சொல்லும் அறிக்கைகளில், தரக் கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நிற்கும் குழந்தையும் 100 புள்ளி கீழே நிற்கும் குழந்தையும் ஒன்றாகிவிடுகிறார்கள். அத்தகைய கணக்கை வைத்துப் பள்ளியை எடைபோட்டால், கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும் சிலரை மட்டும் மேலே ஏற்றிவிட்டுப் பின்தங்கியவர்களைக் கைவிடும் ஆசை நிர்வாகத்துக்கு எழுவது இயல்பு. புள்ளி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும்போது, மிகவும் பின்தங்கிய குழந்தை 20 புள்ளி முன்னேறினாலும் அது பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. கற்பிப்பவரின் உழைப்புக்கு இது நியாயம் செய்கிறது.

ஆனால் அந்த நுட்பமான எண்ணை ஐந்து வண்ணங்களுக்குள் அடைக்கும் இடத்தில்தான் எனக்கு மனக்குறை. சராசரி எங்கே நிற்கிறது என்பதற்கு ஐந்து படிகள், சென்ற ஆண்டைவிட எவ்வளவு மாறியது என்பதற்கு ஐந்து படிகள். இரண்டும் சந்திக்கும் 25 கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்று. இடைநிலையில் இருந்து ஏறிய பள்ளிக்கும் பச்சை, உயர்நிலையில் அசையாமல் நிற்கும் பள்ளிக்கும் பச்சை. இவை இரண்டும் முற்றிலும் வேறான பள்ளிகள். மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும்.

படிகளின் அகலம் இதைவிடக் கவலை தருகிறது. ஆங்கிலத்தில் “தாழ்வு” என்னும் படி, தரத்திற்கு 5.1 புள்ளி கீழே தொடங்கி 70 புள்ளி கீழே வரை நீள்கிறது. மேலே சொன்ன தர அளவுகளை மீண்டும் பாருங்கள்: 3-ஆம் வகுப்பின் தரத்திற்கும் 5-ஆம் வகுப்பின் தரத்திற்கும் இடையே உள்ள தொலைவே 70 புள்ளிதான். அதாவது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் படிப்பின் தொலைவு ஒரே படிக்குள் அடங்கிவிடுகிறது. சராசரியில் தரத்தைத் தொடும் தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளியும், இரண்டு ஆண்டு பின்தங்கிய இன்னொரு பள்ளியும் சென்ற ஆண்டைவிட 3 புள்ளி ஏறினால் போதும், இரண்டும் மஞ்சள் ஆகிவிடும். மறுபுறம், உயர்படியின் எல்லை தரத்திற்கு மேல் 10 புள்ளி, 9.9 எடுத்த பள்ளி இடைப்படியில் நின்றுவிடும். சில குழந்தைகளின் ஒரு நாள் தலைவலிகூட அந்தப் புள்ளியின் பத்தில் ஒரு பங்கைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது, வண்ணத்தை நம்பி வீடு மாற்றும் குடும்பங்களைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் ஏற்படுகிறது.

“மாற்றம்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கிண்டர்கார்டன் முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் தேர்வு எழுதுவோர் மூன்று வகுப்பினர் மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் 5-ஆம் வகுப்பினர் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட, இதுவரை தேர்வே எழுதாத புதிய 3-ஆம் வகுப்பினர் உள்ளே வருகிறார்கள். எனவே, சென்ற ஆண்டின் சராசரியையும் இந்த ஆண்டின் சராசரியையும் ஒப்பிடும்போது, மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் மாறியிருக்கிறார்கள். வகுப்புக்கு இரண்டே பிரிவு உள்ள சிறிய பள்ளியில், மிக வலுவான ஒரு 5-ஆம் வகுப்பு வெளியேறினாலே மானியின் முள் கீழே சரியும்; அந்த ஆண்டு ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாகக் கற்பித்திருந்தாலும் அது நடக்கும். ஒரே குழந்தை ஓர் ஆண்டில் எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்கு இந்த வண்ணத்தில் சேர்வதில்லை. கற்பித்தலின் தரத்தை அறிய விரும்பும் பெற்றோருக்கு மிகத் தேவையான எண் அதுவே என்பதால், இதை டேஷ்போர்டின் தலையாய குறையாக நான் கருதுகிறேன்.

இந்தக் குறையை ஓரளவுக்கு நாமே ஈடுசெய்யலாம். மாநிலத் தேர்வு முடிவுகளுக்கென்று கல்வித் துறை நடத்தும் தனித் தளத்தில், வகுப்பு வாரியான முடிவுகள் கிடைக்கின்றன. ஒரு பள்ளியின் 3-ஆம் வகுப்பு முடிவை ஓர் ஆண்டிலும், 4-ஆம் வகுப்பு முடிவை அடுத்த ஆண்டிலும், 5-ஆம் வகுப்பு முடிவை அதற்கடுத்த ஆண்டிலும் எடுத்து அருகருகே வைத்தால், பெரும்பாலும் அதே குழந்தைகளின் பயணம் கண்ணுக்குத் தெரியும். இடையில் குடிபெயர்ந்தவர்களால் சிறு பிழை இருக்கலாம்; இருந்தாலும், நான்கு பள்ளிகளை இப்படி ஒப்பிட்டபோது, வண்ணம் சொல்லாத பலவற்றை நான் கற்றுக்கொண்டேன். ஒரு பள்ளியில் ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் தரத்தை எட்டுவோர் கூடிக்கொண்டே சென்றார்கள்; இன்னொன்றில், நல்ல தொடக்கம் இருந்தும், கணிதத்தில் 5-ஆம் வகுப்பில் சரிவு. பின்னங்கள் கனமாக வரும் வகுப்பு அது என்பதால், அந்தப் பள்ளிக்குச் சென்றபோது கணிதப் பாடத்தைப் பற்றி என்னால் குறிப்பாகக் கேட்க முடிந்தது.

டேஷ்போர்டில் உண்மையிலேயே சிறப்பான பகுதி, மாணவர் பிரிவுகளின் அட்டவணை. பள்ளியின் மொத்த சராசரி தரத்திற்கு 10 புள்ளி மேலே இருந்தாலும், பாதிக் குழந்தைகள் 70 புள்ளி மேலேயும் மீதிப் பாதி 50 புள்ளி கீழேயும் இருக்கக்கூடும். அந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது இந்த அட்டவணைதான். குறைந்த வருவாய்க் குடும்பங்களின் குழந்தைகள், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் கொண்டோர், வெவ்வேறு இனத்தவர் என்று ஒவ்வொரு பிரிவின் நிலையும் தனியே காட்டப்படுகிறது. ஒரு பிரிவில் 11 பேருக்குக் குறைவாக இருந்தால், தனிப்பட்டவரின் மதிப்பெண் வெளியே தெரிந்துவிடாதபடி எண்ணே காட்டப்படுவதில்லை. 30 பேருக்குக் குறைவாக இருந்தால் எண் உண்டு, வண்ணம் இல்லை. வண்ணமில்லாத அந்த வரிகளைத் தாண்டிச் செல்லாமல் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் குடும்பங்கள் இங்கே இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது. டேஷ்போர்டில் “ஆசியர்” என்னும் பிரிவுக்குள் சீனர், வியட்நாமியர், இந்தியர் எல்லாரும் அடக்கம்; பிலிப்பினோக்களுக்கு மட்டும் தனிப் பிரிவு. ஆகவே அந்த வரியைப் பார்த்து “நம் பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள்” என்று முடிவு செய்ய வழியில்லை. மற்றது, பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால், குழந்தைக்கு 30 நாள்களுக்குள் எல்பேக் என்னும் ஆங்கிலத் தேர்வு நடத்தப்படும். அதைக் கண்டு அஞ்சி, வீட்டில் ஆங்கிலமே பேசுகிறோம் என்று எழுதுபவர்களை நான் அறிவேன். உண்மையை எழுதுவதே சரி. எழுதினால், தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி கிடைக்கும். ஆங்கிலம் கற்போர் பிரிவின் தேர்வுக் கணக்கில், தேறி வெளியேறிய குழந்தைகளும் நான்கு ஆண்டு வரை சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்தே அந்த வரியைப் படிக்க வேண்டும்.

யாருடைய மதிப்பெண் கணக்கில் வருகிறது என்ற விதிகளும் முடிவைப் பாதிக்கின்றன. அக்டோபர் முதல் புதன்கிழமை எடுக்கப்படும் மாணவர் கணக்கெடுப்புக்குப் பிறகு சேர்ந்த குழந்தையின் மதிப்பெண், அந்த ஆண்டின் டேஷ்போர்டு சராசரியில் சேர்வதில்லை. பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் குழந்தைக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஆனால், பங்கேற்பு 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், குறைபடும் எண்ணிக்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணை ஏற்றிச் சராசரி கணக்கிடப்படுகிறது. எனவே, திடீரென்று சரிந்த பள்ளி ஒன்றைக் கண்டால், பங்கேற்பு விழுக்காட்டை முதலில் பாருங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முனைபவர்களுக்கு ஒரு குறிப்பு: பெருந்தொற்றால் 2020-இல் தேர்வு நடைபெறவில்லை, 2022-ஆம் ஆண்டு டேஷ்போர்டில் நிலை மட்டும் காட்டப்பட்டது, வண்ணங்கள் 2023-இல்தான் திரும்பின. அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோடாக இழுத்து முடிவு கட்டக் கூடாது.

நெடுநாள் வராமை மானியைப் பற்றி ஒரு சொல். பள்ளி நாள்களில் 10 விழுக்காடு, அதாவது 180 நாள்களில் 18 நாள், வராத குழந்தை இந்தக் கணக்கில் விழுகிறது. பள்ளி நடக்கும் காலத்தில் நான்கு வாரம் ஊருக்குச் சென்று வந்தாலே 20 பள்ளி நாள்கள் போய்விடும். தாத்தா பாட்டியைப் பார்ப்பதன் அருமை எனக்கும் தெரியும்; ஆயினும், பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ள முடிந்தவர்கள் தள்ளலாம்.

பயன்படுத்தும் எளிமையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைத் தட்டினால் பள்ளி வந்துவிடுகிறது, அட்டவணைகளுக்குப் போக இரண்டு மூன்று அழுத்தங்கள் தேவை. புள்ளி வேறுபாட்டை வண்ணத்தைவிடப் பெரிதாக அச்சிட்டிருந்தால் பெற்றோருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். வசந்த காலத்தில் எழுதிய தேர்வின் முடிவுகள் இங்கே ஏறுவதற்குள் ஆண்டு முடிவே நெருங்கிவிடுகிறது என்பதும் ஒரு குறை. 5-ஆம் வகுப்பில் எழுதிய குழந்தைகள் அதற்குள் வேறு பள்ளியில் அமர்ந்திருப்பார்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், அட்டவணைகளுக்கு நான்கரையும் முகப்பில் உள்ள வண்ணங்களுக்கு இரண்டும் தருவேன். எங்கள் குழந்தையை நாங்கள் சேர்த்த பள்ளி, அந்த ஆண்டு கணிதத்தில் மஞ்சளாக இருந்தது. அருகே பச்சையாக இருந்த இன்னொன்றை விட்டு அதைத் தேர்ந்ததற்குக் காரணம், ஆங்கிலம் கற்போரும் குறைந்த வருவாய்க் குடும்பக் குழந்தைகளும் மூன்று ஆண்டுகளாக அங்கே விடாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்று பிரிவு அட்டவணை காட்டியதுதான். பள்ளியை நேரில் பார்க்கச் சென்ற அன்று, 3-ஆம் வகுப்பு ஆசிரியை ஒருவர், பின்தங்கிய ஆறு குழந்தைகளை அரைவட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.