பார்கின்சன் நடை: வாக்கர், கைத்தடி, வெள்ளைக் கோடு

அம்மாவுக்குப் பார்கின்சன் நோய் வந்து சில வருஷமாகிறது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். ரோட்டுக்கு ஏறும் கல்படியில் அம்மா இன்றைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஏறிவிடுவார். காம்பராவிலிருந்து குசினிக்குப் போகும் வாசலில்தான் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "அம்புட்டுப் படி ஏறுறாங்க, குசினிக்கு வர மட்டும் ஏலாதா?" என்று பக்கத்து வீட்டில் நடிப்பாகவே நினைத்தார்கள். நடிப்பில்லை. இந்த நோயில் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால், யோசிக்காமல் தானாக நடக்கிற நடை கெட்டுவிடும். படியில் கால் வைக்க வேண்டிய இடத்தைக் கண் காட்டிக்கொடுக்கிறது. சமதரையில், அதுவும் குறுகலான வாசலில், அப்படி ஒன்றுமில்லை.

அதனால் வாசலுக்கு முன்னும் பின்னும் ஒரு எட்டு வைக்கிற இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்டோம். காசு கொடுத்து வாங்கிய எதையும்விட இதுதான் உதவியது. முதலில் கலர் டேப் ஒட்டினோம். மழைக்காலத்து ஈரத்தில் நுனி கிளம்பி, அதுவே காலைத் தடுக்கியது. இப்போது சிவப்பு சிமெந்துத் தரையில் வெள்ளைப் பெயிண்ட். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது. ராத்திரி கரண்ட் போனால் மட்டும் டார்ச் வேண்டும்.

சில்லு வைத்த வாக்கர் கொழும்புச் சொந்தக்காரர் அனுப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் சரி. எங்கள் சரிவில் அது முன்னால் ஓட, அம்மா குட்டிக் குட்டி எட்டாக அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. இப்போது அதில் துணி காய்கிறது! கைத்தடி பரவாயில்லை, ஆனால் அடி ரப்பர் தேய்ந்ததும் மாற்றாவிட்டால் பாசிக் கல்லில் வழுக்கும். இறக்கத்தில் எந்தத் தடியை நம்பியும் தனியாக விடுவதில்லை.

கால் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கக் கூடாது. நின்று, உடம்பை இடம் வலமாக அசைத்து, பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, மற்றக் காலைத் தூக்க வேண்டும். தாளத்துக்காகப் போனில் தப்பு மேளச் சத்தம் போட்டுப் பார்த்தேன். "அத நிப்பாட்டுப்பா, நானே எண்ணிக்கிறேன்" என்றார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணியே கிளம்பிவிடுகிறார். அந்த நேரம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. திரும்பும்போதும் நின்ற இடத்தில் சுற்றாமல், வளைந்து திரும்புவார்.

அப்புறம் மாத்திரை. அம்மா போடுவது லெவோடோபா, மூளையில் டோபமைனாக மாறுகிற மருந்து. அது உடம்பில் சேர்வதைப் பருப்பு, முட்டையில் உள்ள புரதம் தடுக்கும். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் ரொட்டியும் சம்பலும் கொடுக்கிறோம், பருப்பு ராத்திரிக்கு. முற்பகல் நடை நன்றாகவே தெளிந்திருக்கிறது. மாத்திரை முடியும்வரை காத்திராமல், கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கிளினிக் போய்விடுகிறோம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து ஆபத்தாகிவிடும்.