நாலு பேர், ரெண்டு கிட்டார், ஒரு ஸ்னேர்: ஊர் சுற்றும் ஹார்ட்கோர் பேண்டுக்கு மாருதி ஈகோ போதுமா?

மதுரையிலிருந்து ஒரு சின்ன ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் வேகமான, அலறலான வகை) பேண்ட் வெளியூர் போய் வாசிக்கக் கிளம்பினால், மேடையில் நிற்பது இருபது இருபத்தைந்து நிமிடம். ரோட்டில் உட்கார்ந்திருப்பது எட்டு மணி நேரம். சென்னை சுமார் 460 கிலோமீட்டர், பெங்களூரு 430-ஐ ஒட்டி, கோவை 215. ஆம்ப் வாங்க எவ்வளவு யோசிக்கிறோமோ அதைவிட அதிகமாக வண்டிக்கு யோசிக்க வேண்டும். மாருதி ஈகோவின் 5 சீட் பெட்ரோல் மாடலை, நாலு பேர் பேண்டுக்கான வண்டி என்ற ஒரே கணக்கில் இங்கே எடை போடுகிறோம். குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

முதலில், ரயிலில் போனால் என்ன? ஒரே ஊர், ஒரே நிகழ்ச்சி என்றால் தாராளமாகப் போகலாம். சென்னைக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை லக்கேஜ் கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். ஆனால் வெள்ளி கோவை, சனி பெங்களூரு, ஞாயிறு சென்னை என்று மூன்று ஊரைச் சேர்த்தால்தான் சின்ன பேண்டுக்குக் கையைக் கடிக்காது. அந்தச் சுற்றுக்கு ரயில் நேரம் ஒத்துவராது. ஸ்டேஷனுக்கும் ஹாலுக்கும் இடையே ஆறு முறை ஆட்டோ பிடிக்கிற செலவையும் கூட்டிப் பாருங்கள். வாடகைக்கு 12 சீட் டிராவலர் எடுத்தால் சொகுசு உண்டு. ஆனால் வெளி மாநிலம் என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். ஓடாத கிலோமீட்டருக்கும் காசு, டிரைவர் பேட்டா தனி, மஞ்சள் போர்டு என்பதால் வெளி மாநிலத்துக்குப் பெர்மிட் வரியும் தனியாக வரலாம்.

ஈகோ ஏன் பொருந்துகிறது என்பதற்கு இந்த இசையின் தன்மையே காரணம். எண்பதுகளின் தொடக்கத்தில் பிளாக் ஃபிளாக், பேட் பிரெயின்ஸ் போன்ற அமெரிக்க பேண்டுகள் வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் ஹார்ட்கோருக்கு ஒரு பாதை போட்டன. அங்கே பெரிய ஸ்பீக்கர் கேபினெட், முழு டிரம் கிட் என்று எல்லாவற்றையும் பேண்டே தூக்கிப் போகிற வழக்கம் இருந்ததால் அவர்களுக்குப் பெரிய வேன் தேவைப்பட்டது. நம் பக்கம் அப்படியில்லை. டிரம் ஷெல், கிட்டார் ஆம்ப், பேஸ் ஆம்ப் மூன்றையும் பெரும்பாலும் ஹாலோ ஏற்பாட்டாளரோ வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கொண்டு போக வேண்டியது உடையக்கூடியதும் ஆளுக்கு ஆள் மாறுவதும்தான்: ஸ்னேர் (அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம்), சிம்பல் (பித்தளைத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி), டிரம் ஸ்டூல், இரண்டு கிட்டார், ஒரு பேஸ், பெடல் போர்டுகள், டி-ஷர்ட் பெட்டி. எல்லாம் சேர்த்தே நூறு கிலோவைத் தாண்டாது. அதற்கு 510 லிட்டர் டிக்கி தாராளம். வேண்டுமென்றால் ஒரு 2x12 கேபினெட்டும் (இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள பெட்டி) உள்ளே போகும்.

வண்டியின் விவரம்: 1197 சிசி பெட்ரோல் எஞ்சின், 5 கியர், பின் சக்கர இழுவை. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நீளம் 3675 மிமீ, அகலம் 1475, உயரம் 1825. மாசி வீதிகளிலும் சிம்மக்கல் சந்துகளிலும் இந்த அகலம் பெரிய உதவி. ஹால் வாசல் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தலாம், இரண்டு பக்கமும் தள்ளும் கதவு இருப்பதால் நெருக்கடியான இடத்திலும் சாமான் இறக்கலாம். ஆனால் அதே குறுகிய உடம்பும் உயரமும் ஹைவேயில் எதிராகத் திரும்புகின்றன. ஆம்னி பஸ் ஒன்று ஓவர்டேக் செய்தால் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் முப்பந்தல் காற்றாலைப் பகுதியில் கவனமாக இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பக்கக் காற்று ஸ்டியரிங்கைப் பிடுங்கும். 80-க்கு மேல் இந்த வண்டியை ஓட்டவே கூடாது என்பது எங்கள் கறாரான கருத்து.

சிஎன்ஜி மாடல் வேண்டாம். எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் சிலிண்டர் டிக்கி இடத்தைத் தின்றுவிடும். இந்த வண்டியை வாங்குவதே டிக்கிக்காக. அதேபோல் மூன்றாவது வரிசை சீட் உள்ள மாடலில் ஆறு பேர் உட்காரலாம், சாமான் வைக்க இடம் இருக்காது. ஐந்து பேர் பேண்ட், கூட ஒரு சவுண்ட் ஆள் என்றால் ஈகோவை மறந்துவிட்டு டிராவலர் பேசுங்கள்.

இனி முக்கியமான விஷயம், சாமான் ஏற்றுவது. இந்த வண்டியில் வருகிற தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பின் சீட்டின் முதுகைத் தவிர சாமானுக்கும் ஆட்களின் பிடரிக்கும் நடுவே எதுவும் கிடையாது. சடன் பிரேக் போட்டால் கிக் பெடல் சீட்டுக்கு மேலே பறந்து வரும். அதனால் சீட்டுக்குப் பின்னால் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கம்பி வலைத் தடுப்பு கட்டாயம். வெல்டிங் வைக்காமல், சீட் போல்ட்டையே பயன்படுத்தி மாட்டச் சொல்லுங்கள். பாடியில் வெல்டிங் வைத்தால் துருவும் வரும், எஃப்சி நேரத்தில் கேள்வியும் வரும்.

டிக்கித் தரையில் 6 மிமீ ரப்பர் மேட் விரியுங்கள். கேபினெட் இருந்தால் முதலில் அதை, ஸ்பீக்கர் முகம் சீட்டைப் பார்க்கும்படி, தடுப்போடு ஒட்டி நிறுத்தி, 25 மிமீ ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். நைலான் கயிறு நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். அடுத்து ஸ்டூல், ஸ்டாண்ட் போன்ற இரும்புச் சாமான், தரையிலேயே. கிக் பெடலுக்குத் தனியாக ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். அதன் முள் கிட்டார் பையைக் கிழிப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிற சேதம். ஸ்னேர் கடினமான கேஸில், அடிக் கம்பியைத் தளர்த்திவிட்டு. சிம்பல் பை 10, 12 கிலோ இருக்கும். அதைத் துணிப் பைகளுக்கு மேல் படுக்க வையுங்கள், அதன் மேல் எதையும் வைக்காதீர்கள். ஓரத்தில் விழுகிற மயிரிழை விரிசல் கண்ணுக்கே தெரியாது, இரண்டு நிகழ்ச்சி கழித்து சிம்பல் பிளந்த பிறகுதான் தெரியும். கிட்டார்கள் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே. இறக்கும்போது கிட்டார்தான் முதலில் வெளியே வரும், டியூன் ஆக நேரம் கிடைக்கும்.

மேலூர், அலங்காநல்லூர் பக்கத் திருவிழாக்களுக்குப் போகிற சவுண்ட் சர்வீஸ்காரர்கள் லோடு ஏற்றுவதை ஒருமுறை நின்று பாருங்கள். ஹார்ன் குழாய்க்குள் வயர் சுருள், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சாக்கு, எந்தப் பெட்டி எந்த மூலை என்பது வாரா வாரம் மாறாது. வரிசை மாறாமல் இருந்தால்தான் இரவு பதினோரு மணிக்கு, அரைத் தூக்கத்தில், எது விடுபட்டது என்று கண்ணே காட்டிக்கொடுக்கும்.

பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவலரை இறக்கிவையுங்கள். காற்றழுத்தத்தை, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவில் வையுங்கள். 13 இன்ச் சின்ன டயர், காற்று குறைந்தால் சீக்கிரம் சூடாகும். ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையைப் பாருங்கள், நாலு பேரும் சாமானும் அதற்குள் வசதியாக அடங்கும். தலைக்கு மேல் கேரியர் மட்டும் போடாதீர்கள். ஏற்கனவே காற்றில் ஆடுகிற வண்டி அது.

பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையிறக்கம்தான் சோதனை. பெங்களூரிலிருந்து திரும்பும்போது தர்மபுரி தாண்டி வருகிற தொப்பூர் இறக்கம் விபத்துகளுக்குப் பேர்போனது. அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்காமல், மேலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், லாரிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். போடிமெட்டு வழியாக மூணாறு, கொச்சி போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியை அணைத்தால்தான் இரண்டாவது கியரில் மூச்சு வாங்காமல் ஏறும்.

சூடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்னால் இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் தொடை வேகும். அதற்கு மதுரை மே மாதம் வேறு. ஏசி மாடல் வாங்குங்கள், சொகுசுக்காக அல்ல, பாடகருக்காக. கண்ணாடியைத் திறந்துவைத்து நாலுவழிச் சாலைத் தூசியை எட்டு மணி நேரம் இழுத்தபின், இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியபின், மேடையில் அலறுவதற்குத் தொண்டை எங்கே மிஞ்சும்? உள்ளே சத்தம் அதிகமுள்ள வண்டி இது. பாடகரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பேச்சைக் குறைக்கச் சொல்லுங்கள். காதடைப்பான் எல்லோருக்கும் நல்லது. பூட்டிய வண்டியை வெயிலில் விட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் கிட்டார் கழுத்து வளையும், பசை இளகும், டி-ஷர்ட் பிரிண்ட் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். நிழல் கிடைக்காவிட்டால் கிட்டாரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

காசுக் கணக்கு. மதுரை, கோவை, பெங்களூரு, சென்னை, மதுரை சுற்று 1400 கிலோமீட்டருக்குப் பக்கம். நாலு பேர், சாமான், ஏசி என்றால் கம்பெனி சொல்லும் 19 சொச்சத்தை நம்பாதீர்கள், லிட்டருக்கு 15 என்று போடுங்கள். 93 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் என்றால் ஒன்பதாயிரத்து ஐநூறு வரை பிடிக்கும். டோல் அடுத்த அடி. மதுரையிலிருந்து சென்னைக்கு மட்டும் சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று எட்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் சொந்த வெள்ளை போர்டு வேனுக்கும் செல்லும்: வந்தபோது 3000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 கடப்பு. ஒரு கேட்டைத் தாண்ட 15 ரூபாய் அளவுதான் விழுகிறது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாகக் கழியும். மாநில நெடுஞ்சாலை டோலுக்கு இது செல்லாது. சொந்த வண்டி வைத்திருக்கும் பேண்டுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் வேறு இல்லை. அதற்காக வெள்ளை போர்டு ஈகோவை யாரிடமாவது வாடகைக்கு எடுக்காதீர்கள். அது சட்டவிரோதம், விபத்தானால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

இதில் படுத்துத் தூங்க முடியாது. சீட் அவ்வளவு சாயாது. அதனால் லாட்ஜ் செலவைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். நிகழ்ச்சி பத்து மணிக்கு முடியும், ஏற்றி முடிக்கப் பதினொன்று, சாப்பிடப் பன்னிரண்டு. அதன்பின் ஸ்டியரிங்கைப் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். இரவு நிறுத்தும்போது டிக்கிக் கதவு திறக்க முடியாதபடி பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். கிட்டாரும் சிம்பலும் ரூமுக்குள் வரட்டும். சாமானை மறைக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் நிறுத்தும், ஒரு பழைய போர்வை போதும்.

பாதுகாப்பில் இந்த வண்டியின் பழைய பேர் மோசம். 2016-இல் ஏர்பேக் இல்லாத ஈகோ குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ஜிய ஸ்டார் வாங்கியது. 2025-இல்தான் 6 ஏர்பேக் வந்தது. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி குறைப்புக்குப் பின் ஷோரூம் விலை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் தொடங்கியது. நாலு பேர் பங்கு போட்டால் புதிது வாங்குவதே சரி. பழையதுதான் முடியும் என்றால் ஏபிஎஸ் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள், 2019 ஏப்ரலுக்குப் பிந்தையதாகப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது தரை மேட்டைத் தூக்கித் துருவைப் பாருங்கள், பால் கேன் ஏற்றிய வண்டி அங்கேதான் அழுகியிருக்கும். தள்ளும் கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். ரோலர் தேய்ந்திருந்தால் பாதிப் பூட்டில் நிற்கும், ஓடும்போது திறக்கும். நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் எடுக்கும்போது அடியில் டக் என்று சத்தம் வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் தண்டு) கிராஸ் மூட்டு தேய்ந்து போயிருக்கிறது, விலையில் குறையுங்கள். நாலு பேரையும் ஏற்றி, கப்பலூர் வரை ஒரு ஓட்டு ஓட்டி, 70-இல் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பார்த்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.