ஆர்.சி. படகுக்கு மாற்று மோட்டார்: அதே 540 போதுமா, பிரஷ்லெஸ்ஸுக்குப் போகலாமா?

"அப்பா, புகை வருதுப்பா!" என்று மகள் கத்தியபோது படகு கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நின்றுவிட்டிருந்தது. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் அசைவில்லை. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பையன், "இருங்கண்ணா, நான் இழுத்துத் தர்றேன்" என்று தூண்டிலை வீசி, படகுக்கு அந்தப் பக்கம் நரம்பை விழவைத்து, மெதுவாகச் சுருட்டிச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை. பிராப்பில் (தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறியில்) வேலம்பாசி நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது.

வீட்டுக்கு வந்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். கம்யூட்டேட்டர், அதாவது சுற்றும் தண்டில் மின்சாரம் வாங்கும் செப்பு வளையம், முழுக்கக் கரி. அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் ஒரு பக்கக் கார்பன் (பிரஷ்) அரிசி அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை அழுத்தும் ஸ்பிரிங் சூட்டில் நீலம் பாய்ந்து, இழுவை போய்விட்டது. ரிப்பேருக்கு வழியில்லை, புது மோட்டார்தான். அடுத்த மூன்று வாரம் எந்த மோட்டார் வாங்குவது என்று அலசினேன். இதே இடத்தில் நிற்பவர்களுக்கு அந்த அலசல் உதவும்.

முதலில் படகைச் சொல்லிவிடுகிறேன். 60 செ.மீ. நீளம், ஒற்றை பிராப், 40 மி.மீ. விட்டம். உள்ளே இருந்தது 27 சுற்று (சுருளில் கம்பி சுற்றிய எண்ணிக்கை) 540 (மோட்டாரின் அளவைக் குறிக்கும் எண்) பிரஷ் மோட்டார், 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. உங்கள் படகு இதைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

செத்ததற்குக் காரணம் என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் மோட்டார் பழையது போன வழியிலேயே போகும். 540 வகை மோட்டார் 7.2 வோல்ட்டில் சுமையே இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 23,000 சுற்று சுற்றும். தண்ணீரில் நிதானமாக ஓடும்போது 13 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். ஆனால் பாசி சிக்கி ஷாஃப்ட் அப்படியே நின்றுபோனால் கிட்டத்தட்ட 70 ஆம்பியர் இழுக்கும். 70-ஐ 7.2-ஆல் பெருக்கினால் 500 வாட். சுற்றாத மோட்டாருக்குள் அந்த 500 வாட்டும் சூடாக மட்டுமே மாறும். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் சூடு உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? சில நொடிகளில் வார்னிஷ் கருகும்.

என் மோட்டாரின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி வயரில் ஒரு 30 ஆம்பியர் பிளேட் ஃபியூஸ் போட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். டூ வீலர், கார் ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கிற அதே ஃபியூஸ்தான். எந்த பிரஷ் மோட்டாரை வாங்கினாலும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

மோட்டாரைவிட பிராப் முக்கியம்

காரில் பெரிய மோட்டார் போட்டால் வேகமாக ஓடும். தண்ணீரில் அப்படி இல்லை. பிராப்பைச் சுழற்றத் தேவையான சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். சுற்று 20 சதவீதம் கூடினால் தேவைப்படும் சக்தி 73 சதவீதம் கூடும். விட்டமோ ஐந்தாம் அடுக்கு. 40 மி.மீ. பிராப்பை 42 ஆக மாற்றினால், அதே சுற்றில் 28 சதவீதத்துக்கும் நெருக்கமாகச் சுமை ஏறும். கண்ணுக்குத் தெரியாத அந்த 2 மி.மீ.தான் பல மோட்டார்களைக் கருக்கியிருக்கிறது.

அதனால் மோட்டார் தேடும்போது எது அதிக சக்தி என்று கேட்பதில் பயனில்லை. இந்த ஹல்லில் (படகின் உடலில்) இந்த பிராப்பை எத்தனை சுற்றில் சுழற்றப்போகிறேன் என்றுதான் கேட்க வேண்டும். நான் பார்த்த நான்கு வகைகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டேன்.

அதே 540

இதன் பெரிய பலம், எதையும் மாற்ற வேண்டாம். 36 மி.மீ. விட்டம், 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்3 திருகு, 3.175 மி.மீ. ஷாஃப்ட். பழைய மவுன்ட், கப்ளிங், கூலிங் காயில், இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) எல்லாம் அப்படியே பொருந்தும். அரை மணி நேர வேலை.

வாங்கும்போது கம்பிச் சுற்று எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் வேகமும் கரன்ட்டும் கூடும், எண் கூடினால் இரண்டும் குறையும். 27-க்கு பதில் 15 போட்டால் படகு பறக்கும் என்று ஆசை வரும். அந்தக் கரன்ட்டைப் பழைய இ.எஸ்.சி. தாங்காது. 55, 80 என்று வருபவை பாறை ஏறும் கார்களுக்கானவை, இந்தப் படகுக்கு மந்தம்.

புது பிரஷ் மோட்டாரை நேராகத் தண்ணீரில் இறக்காதீர்கள். 3 வோல்ட்டில், சுமையில்லாமல், அரை மணி நேரம் ஓடவிட்டால் கார்பன் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ந்து உட்காரும். அப்புறம் 104 என்று போட்ட செராமிக் கெபாசிட்டர் மூன்றை, இரு முனைகளுக்கு நடுவே ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒன்று என்று பற்றவைத்தால் ரேடியோ தொந்தரவு குறையும்.

குறை என்னவென்றால், நல்ல நிலையில்கூட இந்த மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு சூடாகவே போகும். கார்பன் தேய்ந்துகொண்டே இருக்கும், உள்ளே ஈரம் போனால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் துருப்பிடிக்கும். இரண்டு மூன்று சீசனில் மறுபடி இதே வேலைதான்.

டிரில் மோட்டார்

பேட்டரி டிரில்லில் இருக்கும் 550-ஐ இங்கே பலர் முயன்று பார்க்கிறார்கள், நியாயமான முயற்சிதான். விட்டமும் திருகுத் துளையும் 540 போலவே, நீளம் மட்டும் 57 மி.மீ., அதாவது 7 மி.மீ. கூடுதல். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் இருந்து உள்ளூர் டிரில் ரிப்பேர் கடை வரை எங்கும் கிடைக்கும்.

ஆனால் இது 12 வோல்ட்டுக்கோ 18 வோல்ட்டுக்கோ சுற்றப்பட்டது. 7.2 வோல்ட் கொடுத்தால் சோம்பலாகச் சுற்றும், ஹல் தண்ணீரைவிட்டு எழும்பவே எழும்பாது. 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), அதைத் தாங்கும் பிரஷ் இ.எஸ்.சி. என்று செலவு தொடங்கிவிடும். இன்னொரு சங்கடம், ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய பினியன் (சின்னப் பல்சக்கரம்). புல்லர் வைத்துத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே பேரிங்கும் புஷ்ஷும் நகர்ந்துவிடும். டப்பாவைச் சுற்றி இருக்கும் காற்றுத் துளைகள் டிரில்லுக்கு நல்லது, படகில் தெறிக்கும் தண்ணீருக்கு அது திறந்த கதவு.

மெதுவாகப் போகிற, கனமான இழுவைப் படகு மாதிரி மாடல் கட்டுபவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். 775 மோட்டாரும் அந்த ரகம்தான். 42 மி.மீ. விட்டம், 5 மி.மீ. ஷாஃப்ட், கனம். வேகப் படகுக்குள் அதற்கு இடமில்லை.

பிரஷ்லெஸ்: வெளியே சுற்றுவதா, உள்ளே சுற்றுவதா?

பிரஷ்லெஸ் என்றால் உரசும் கார்பன் இல்லாத மோட்டார். மாடல் விமானப் பிரியர்களால் அவுட்ரன்னர் வகை மலிவாகக் கிடைக்கிறது. அதன் வெளிக்கூடுதான் சுற்றும். குறைந்த சுற்றில் நல்ல முறுக்கு விசை. ஆனால் சுற்றுகிற கூட்டின்மேல் வாட்டர் ஜாக்கெட் (தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் உறை) மாட்ட முடியாது. விமானத்தில் எதிர்க்காற்று குளிர்விக்கும், மூடிய படகுக்குள் ஏது காற்று? மவுன்ட் தகட்டை மட்டும்தான் தண்ணீரால் குளிர்விக்கலாம். போதாக்குறைக்கு, தளர்ந்த ஒரு வயர் சுற்றும் கூட்டில் உரசினால் இன்சுலேஷன் போய்விடும். பெரிய பிராப்பை நிதானமாகச் சுழற்றும் படகுக்குப் பொருத்தம், எனக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தேன்.

உள்ளே சுற்றும் இன்ரன்னரில்தான் அதிக நேரம் செலவிட்டேன். 3650 என்றால் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். 3660 என்றால் 10 மி.மீ. கூடுதல் நீளம். கூடு அசையாததால் 36 மி.மீ. அலுமினிய ஜாக்கெட் கச்சிதமாக ஏறும். தேய கார்பன் இல்லை. வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது ஷாஃப்டுக்கு வரும்.

கடையில் பெரும்பாலும் காட்டுவது 3650, 3900 கே.வி. இது கார் மோட்டார். கே.வி. என்பதைக் கிலோவோல்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு அது. 3 செல் லைப்போவின் 11.1 வோல்ட்டில் 3900 கே.வி. 43,000 சுற்றைத் தாண்டும். என் பழைய மோட்டாரின் சுற்றைப்போல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. மும்மடிக் கணக்கில் போட்டால் பிராப் கேட்கும் சக்தி ஆறு மடங்குக்கும் மேல். அந்த மோட்டாரால் கொடுக்க முடியாது, கொடுக்க முயன்று எரியும்.

"சார், 2 செல்லில் ஓட்டுங்க, சரியாயிடும்" என்றார் கடைக்காரர். 28,000 சொச்சம் சுற்று வரும், உண்மைதான். ஆனால் 300 வாட் எடுக்க 7.4 வோல்ட்டில் 40 ஆம்பியர் ஓட வேண்டும், 11.1 வோல்ட்டில் 27 போதும். வயரிலும் இ.எஸ்.சி.யிலும் சூடு கரன்ட்டின் இருமடிக்கு ஏற்ப வருவதால், அதே வேலைக்கு 2 செல்லில் இரண்டு மடங்குக்கும் மேல் சூடாகும். படகுக்கு வோல்ட்டேஜ் கூடுதல், கே.வி. குறைவு என்பதே நல்லது.

அதனால் 3660, நான்கு காந்த முனை (போல்) கொண்ட, 2000 கே.வி. அளவில் ஒன்றைத் தேடினேன். 11.1 வோல்ட்டில் 22,200 சுற்று. பழைய 540-ன் எண்ணுக்குக் கிட்டத்தட்ட சமம் என்று பார்த்ததும் நண்பர் ஒருவர், "அப்புறம் எதுக்குடா மாத்தற?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 540-ன் சுற்று சுமை ஏறியதும் நன்றாகவே இறங்கும். பிரஷ்லெஸ் அவ்வளவு இறங்காது, முறுக்கு விசை மிச்சம் இருக்கும். அதே பிராப், காகிதத்தில் அதே சுற்று, தண்ணீரில் மட்டும் தெளிவான வித்தியாசம்.

சென்சார் வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். கார் நின்ற நிலையிலிருந்து நகர அது உதவும். தண்ணீரில் தொடக்கச் சுமை குறைவு என்பதால் சென்சார் இல்லாததே போதும்.

மோட்டாரோடு முடியாத செலவு

பிரஷ்லெஸ்ஸுக்கு மாறும்போது மோட்டார் விலை பட்ஜெட்டில் சின்னப் பங்குதான். மூன்று வயர் இ.எஸ்.சி. வேண்டும், தண்ணீர்க் குழாய் வைத்த படகு மாடலாக, 60 ஆம்பியருக்குக் குறையாமல். லைப்போவும் அதற்கான பேலன்ஸ் சார்ஜரும் வேண்டும். 3660 சிலவற்றில் ஷாஃப்ட் 5 மி.மீ., அப்படியானால் கப்ளிங்கும் புதிது. உங்களுடையது பொம்மைக் கடைப் படகாக இருந்தால் உள்ளே ரிசீவரும் இ.எஸ்.சி.யும் ஒரே பலகையில் இருக்கும். அது பிரஷ் மோட்டாரை மட்டும்தான் ஓட்டும். மாற்றினால் ரிமோட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்த வகைப் படகுக்கு 540, 390 என்று எது இருந்ததோ அதையே வாங்கிப் போடுங்கள், மனதார சொல்கிறேன்.

பாசி அதிகமுள்ள ஏரியில் குழந்தைகள் ஓட்டும் படகுக்கும் பிரஷ் மோட்டாரும் ஃபியூஸும்தான். பிராப் சிக்கினால் பிரஷ்லெஸ்ஸிலும் இ.எஸ்.சி. சாகும், அதன் விலைக்குப் பல 540 வாங்கலாம். நாங்கள் இப்போது பாசி இல்லாத பக்கமாக இடம் மாற்றிக்கொண்டதால்தான் பிரஷ்லெஸ்ஸுக்குப் போகத் துணிந்தேன்.

மாட்டும்போது மூன்று விஷயத்தில் நிதானமாக இருந்தேன். ஒன்று, பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே உள்ள வயரை நீட்டவில்லை. அது நீண்டால் வோல்ட்டேஜ் எகிறி இ.எஸ்.சி.யின் கெபாசிட்டர்கள் வெடிக்கும். மோட்டார் பக்க வயர் நீண்டால் அவ்வளவு பாதகமில்லை. இரண்டு, சுற்றும் திசை. மோட்டாரையும் பிராப்பையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் ஒரு பக்கமாக முறுக்கிய கம்பி, எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு அவிழும். பழைய மோட்டார் எந்தப் பக்கம் சுற்றியதோ அதே பக்கம் சுற்ற வேண்டும். தவறாக இருந்தால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். மூன்று, எடைப்புள்ளி. 10 மி.மீ. நீண்ட மோட்டார் பேட்டரியை முன்னே தள்ளியது. விரல்நுனியில் படகைத் தூக்கிப் பார்த்து, பின்விளிம்பிலிருந்து நீளத்தின் 30 சதவீதத்தில் சமநிலை வரும்வரை பேட்டரியை நகர்த்தினேன்.

முதல் ஓட்டம் இரண்டு நிமிடம் மட்டும். கரைக்கு அழைத்து, மூடியைத் திறந்து, மோட்டார்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து நொடி விரலை எடுக்காமல் வைக்க முடிந்தால் 60 டிகிரிக்குப் பக்கம் என்று கொள்ளலாம், கவலையில்லை. முடியாவிட்டால் ஒரு அளவு சின்ன பிராப் போடுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும், இழந்தது திரும்பாது.

இப்போது படகை இறக்கியதும் மகளின் கண் முதலில் போவது வலப்பக்கத்துச் சின்னத் துளைக்கு. ஜாக்கெட்டைச் சுற்றி வந்த தண்ணீர் அங்கேதான் பீச்சி வெளியேறும். அது வரவில்லையென்றால், "தண்ணி வரலப்பா, திருப்புங்க" என்பாள். உடனே கரைக்குத் திருப்பி, ரடரில் (சுக்கானில்) தண்ணீர் நுழையும் துளையில் ஊசி விட்டுப் பாசியை எடுத்த பிறகுதான் மறுபடி இறக்குகிறோம்.