செட்டிநாட்டு வீட்டுக்கு ஹைட்ரேஞ்சியாவா, இட்லிப்பூவா?

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் ஹைட்ரேஞ்சியாத் தொட்டி ஒன்றை வாங்கி வருவதுண்டு. அந்த நீலக் கொத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிலத்தில் நட்டு வளர்க்க இட்லிப்பூவே சரி. ஹைட்ரேஞ்சியாவைத் தொட்டியில் வைத்து, ஒரு பருவத்து அழகாக ரசிக்கலாம்.

காரணம் குளிர். ஹைட்ரேஞ்சியா பூமொட்டுக் கட்ட ஏறத்தாழ 6 வாரமாவது 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளுமை வேண்டும். மார்கழியில்கூட இங்கே அது தொடர்ந்து கிடைக்காது. கொண்டுவந்த கொத்து வாடியபின் இலை தழைக்கும், பூ வராது. உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

தொட்டி மாற்றுவதானால் மார்கழி, தையில் மாற்றுங்கள். 6 அங்குலத் தொட்டியிலிருந்து 10 அல்லது 12 அங்குலத்துக்குப் போகலாம். செம்மண், மக்கிய இலை உரம், நன்றாக அலசிய தேங்காய்நார்க் கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும். வேர்க்கட்டு பழைய தொட்டியில் இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். காலை வெயில் மட்டும் விழும் முற்றத்து ஓரம் ஏற்றது. மதிய வெயிலில் ஈரம் இருந்தும் இலை துவண்டுவிடும். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுந்திருந்தால் நீலம் மெல்ல இளஞ்சிவப்பாகும். முற்றத்தில் பிடித்த மழைநீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

இட்லிப்பூவை ஐப்பசி மழை தொடங்கும்போது நடுங்கள். ஒன்றரை அடி சதுரம், அதே ஆழத்தில் குழி. தோண்டிய மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. செடிக்குச் செடி 3 அடி. சுவரிலிருந்தும் 3 அடி தள்ளியே வையுங்கள், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து மண்ணில் கலந்தால், அது மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் தேறும். ஆனால் காரை மண்ணை அகற்றாதவரை மறுபடி வரும். வளர்ந்த செடியை இடம் மாற்றுவதானால் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வேர்மண் உதிராமல் சாக்கில் கட்டித் தூக்குங்கள்.

கவாத்தில் இரண்டும் நேரெதிர். மலைத்தோட்டத்தில் நாம் பார்க்கும் ஹைட்ரேஞ்சியா, போன பருவத்துக் கிளையின் நுனியில் பூப்பது. பூ காய்ந்ததும் கொத்துக்குக் கீழே பருத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த பூவும் சேர்ந்தே போய்விடும். இட்லிப்பூ புதுத்தளிரின் நுனியில் பூப்பது. வெட்ட வெட்டத் தழைத்துப் பூக்கும். கொத்து உதிர்ந்ததும் இரண்டு கணு கீழே வெட்டுங்கள். பெரிய கவாத்து புரட்டாசியில். சித்திரை வெயிலில் வெட்டினால் வெறும் தண்டு காய்ந்துவிடும். வேலியாக்கிக் கத்தரியால் மாதாமாதம் சதுரமாய் நறுக்கினால் பூக்க நுனியே மிஞ்சாது.

வீட்டில் ஆடு, மாடு இருந்தால் ஹைட்ரேஞ்சியாத் தொட்டியைப் பின்கட்டில் வைக்காதீர்கள். அதன் இலையும் மொட்டும் கால்நடைக்கு நஞ்சு. வெட்டிய கிளையையும் தீவனத்தோடு சேர்த்துவிடக் கூடாது.