டைம் சர்வர் லைசென்ஸ் என்று 18,500 ரூபாய் கறந்துவிட்டார்கள், யாரும் ஏமாறாதீங்க

எங்கள் சர்வரைப் பார்த்த சர்வீஸ்காரர்கள், பணம் திரும்ப வராது என்று சற்றுமுன்தான் சொன்னார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். முழுசாக 18,500 ரூபாய்.

எங்கள் அலுவலக லினக்ஸ் ஃபைல் சர்வரில் நேரம் பின்தங்கிக்கொண்டே போய், ஒருநாள் யாருக்கும் லாகின் ஆகவில்லை. விண்டோஸ் டொமைனில் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. ரிமோட்டிலேயே சர்வர் பார்த்துத் தரும் ஒரு சர்வீஸ்காரர்களைப் பிடித்தோம். "டைம் சர்வர் லைசென்ஸ் இல்லாததுதான் சார் பிரச்சனை, வருஷத்துக்கு 18,500" என்றார் பேசியவர். அவ்வளவு பொறுமை, அவ்வளவு மரியாதை. உள்ளே வந்து ஏதோ செய்துவிட்டு, "உங்க போனைத் திரைக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். இரண்டிலும் நொடி ஒன்றாகவே மாறியது. யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அப்போதே யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் மறுபடி அதே லாகின் தகராறு. கூப்பிட்டால் "டிக்கெட் போடுங்க". போட்டால் "உங்க நெட்வொர்க் ஸ்லோ". அப்புறம் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". எந்த டீமும் கூப்பிடவில்லை.

கடைசியில் நண்பர் ஒருவர் வந்து கமாண்ட் ஹிஸ்டரியைத் திறந்தார். அந்த ஆள் டேட் கமாண்டில் நேரத்தைக் கையால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்! இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துச் சரிசெய்யும் க்ரோனி என்ற மென்பொருளின் கான்ஃபிக்கில் இவர்கள் போட்டிருந்த 'லைசென்ஸ்' சர்வர், ஊரே இலவசமாகப் பயன்படுத்தும் என்டிபி பூல் (பொது நேர சர்வர்களின் தொகுப்பு). அதுவும் வேலை செய்யவில்லை, க்ரோனி காட்டும் சர்வர் பட்டியலில் எல்லா வரியிலும் ரீச் 0, அதாவது எந்த சர்வரிடமிருந்தும் பதிலே வரவில்லை. நேரம் கேட்கும் வழியான யுடிபி 123 போர்ட் எங்கள் ஃபயர்வாலில் அடைபட்டிருந்ததை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் திறந்து க்ரோனியை ரீஸ்டார்ட் செய்ததும் நேரம் சரியானது, கொஞ்ச நேரத்தில் ரீச் 377க்கு வந்தது, அதாவது கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது. காசே ஆகாத இந்த வேலைக்கு 18,500!

கேட்டால் "லைசென்ஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். எந்த லைசென்ஸ்?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. போனோடு ஒப்பிட்டுக் காட்டினால் நம்பாதீர்கள், ரீச் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் நேரம் எடுக்க லைசென்ஸ் எதுவும் வாங்க வேண்டாம், என்ஐசியும் (தேசிய தகவலியல் மையம்) தேசிய இயற்பியல் ஆய்வகமும் நேர சர்வர்கள் வைத்திருக்கின்றன, அவற்றோடு இணைக்கச் சொல்லி 2022இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டிருக்கிறது. சில நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். 18,500ஐ விடுவதாக இல்லை.